பாதிக் கட்டணம்

சாவியைத் திருப்பினால் முதலில் ஒரு இருமல், பிறகு ஒரு நடுக்கம், அதற்கப்புறம்தான் எஞ்சின் ஒரு நிலைக்கு வரும். இந்த வண்டிக்கும் காலையில் எழுந்திருக்கப் பிடிப்பதில்லை, எனக்கும்தான். ராத்திரியெல்லாம் ஊர் மந்தையில் வேம்படியில் நின்றதில் முன்கண்ணாடி முழுக்க வேப்பம்பழம் விழுந்து பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது, துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தால் பின்னால் அத்தனை சீட்டும் காலி. காலேஜ் வண்டியை ராத்திரி டிரைவர் தன் ஊரிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது எங்கள் காலேஜ் வழக்கம், டீசல் மிச்சம் அவர்களுக்கு, அலைச்சல் மிச்சம் எனக்கு. அதனால் முதல் ஸ்டாப் வரைக்கும் நான் மட்டும்தான். காலி வண்டி ஓட்டுவது எனக்குப் புதிதில்லை, ஆனால் ஒரு வாரமாக அது காலியாகத் தெரியவில்லை. எனக்குப் பின்னால், இடது பக்க முதல் சீட்டில், என் மகள் ரோஷிணி உட்கார்ந்து வருவதாகவே மனசில் ஓடுகிறது. மடியில் பை, தலையில் அவள் அம்மா வைத்துவிட்ட மல்லி, ஜன்னல் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு. அவளை எங்கள் காலேஜிலேயே பாதிக் கட்டணத்தில் சேர்க்க, ஆபீஸில் போய்க் கன்செஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டேன் என்றால் இது நிஜமாகிவிடும், மூன்று வருஷத்துக்கு என் மகளை நானே ஏற்றிக்கொண்டு போய் நானே கூட்டிவரலாம். போடாவிட்டால் அவள் மதுரைக்கு. இன்றைக்கு இரண்டில் ஒன்று ஆகவேண்டும். மதுரையில் அரசாங்கக் கல்லூரியில் பிசிக்ஸுக்கு இன்றைக்கு அவள் ரேங்க்கைக் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்றைக்குப் போகவில்லையென்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இங்கே எங்கள் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் குணசீலன் சாரும் இன்றைக்குத்தான் கடைசி என்று சொல்லிவிட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, "நிலக்கோட்டையில வண்டி நிக்கும்ல, அங்க இருந்து போன் போட்டுச் சொல்லிருங்கப்பா, நாங்க ரெடியா இருக்கோம்" என்றாள். சரி என்றேன். சரி என்று சொல்வதற்கு என்ன, வாய்தானே.

முதல் ஸ்டாப்பில் நாலு பையன்கள் ஏறினார்கள், "மலைண்ணா, பாட்டுப் போடுங்கண்ணா" என்றான் ஒருத்தன், இன்றைக்குப் பாட்டு வேண்டாம்டா என்றேன், ஏண்ணா வீட்டுல சண்டையா என்றான், ஒரே சிரிப்பு. மலைச்சாமி என்ற பேரை மலைண்ணா என்று வெட்டிவைத்திருக்கிறார்கள், மூன்று வருஷத்துக்கு ஒருதரம் ஆள் மாறுகிறது, பேர் மாறுவதில்லை. பாட்டுக் கேட்டவன் அப்பா வெங்காய வியாபாரி, பணம் கட்டுவதில் கஷ்டமில்லை. அடுத்தவன் வீட்டில் ஒரு பசு விற்றார்கள் போன வருஷம், அவனே சொன்னான், சிரித்துக்கொண்டே சொன்னான். எங்கள் காலேஜைக் குறை சொல்லக்கூடாது, சோறு போடுகிறது. தரை பளபளவென்று இருக்கும், கம்ப்யூட்டர் எல்லாம் ஓடும், பிள்ளை ஒருநாள் வரவில்லையென்றால் அப்பன் செல்லுக்கு மெசேஜ் போய்விடும். ஆனால் சேரும்போது சொல்கிற கட்டணம் வேறு, கட்டி முடிக்கிற கட்டணம் வேறு, இது உள்ளே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். யூனிஃபார்ம் அவர்கள் கடையில்தான், ஷூ அவர்கள் கடையில்தான், வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு ஒன்று, ஆண்டு விழாவுக்கு ஒன்று, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டாமல் வந்தால் அதற்கொன்று. என் மச்சான் சொல்வது இதெல்லாம் பார்க்கக்கூடாது என்று. "வேலை பாக்குறவன் பிள்ளைக்குப் பாதி ஃபீஸு, பஸ்ஸு ஓசி, கண்ணு முன்னாடி போய்ட்டு கண்ணு முன்னாடி வருது, இதை விட்டுட்டு மதுரைக்கு அனுப்புறேங்கிற, உனக்கு என்ன கிறுக்கா மாமா?" கிறுக்கெல்லாம் இல்லை மாப்பிள்ளை, பாதி ஃபீஸ் கூட ஒரு பேப்பர் வருகிறது. பிள்ளை படித்து முடிக்கிறவரைக்கும் நான் இந்த வேலையை விடக்கூடாது. விட்டால் விட்டுக்கொடுத்த பாதியையும் எண்ணி வைத்துவிட்டுப் போகவேண்டும். இன்னொரு பாதியை மாசாமாசம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கயிறு பிள்ளைக்கு இல்லை, எனக்கு. சரி, நான் எங்கே போகப்போகிறேன், இந்த வயசில் யார் கூப்பிடுகிறார்கள், கட்டினால் கட்டிவிட்டுப் போகட்டும் என்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றுகிறபோது மனசு எவ்வளவு லேசாகிவிடுகிறது. ஏனென்றால் உண்மை வேறு, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், அவளை அனுப்ப எனக்கு மனசில்லை. ஃபீஸைப் பற்றி மச்சானோடு மல்லுக்கட்டுவதெல்லாம் சும்மா.

அரசாங்கக் கல்லூரியில் செலவே இல்லை என்கிறார்கள். கட்டணம் ஒரு நல்ல செருப்பு விலைதான், அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை என்பதால் மாசம் ஆயிரம் ரூபாய் அவள் அக்கவுண்டிலேயே விழும், விடுதியில் சாப்பாடு இலவசம். செலவில்லாமல் இருக்குமா? ஒரு ஆள் வீட்டில் குறைவது செலவில்லையா? பேச்சி விடியுமுன்னே பூப்பறிக்கப் போய்விடுவாள், என் பெண்சாதி போகாத மல்லிகைத் தோட்டம் நிலக்கோட்டைச் சுற்றில் கிடையாது, அவள் திரும்பிவருகிறவரை அடுப்பு, தண்ணி, எல்லாம் ரோஷிணிதான். சாயங்காலம் அம்மாவும் மகளும் உட்கார்ந்து பூக்கட்டினால் வீடே வாசமாக இருக்கும், அவள் கை ஓடுகிற வேகத்துக்கு அவள் வாயும் ஓடும், பள்ளிக்கூடத்துக் கதை, டீச்சர் மாதிரி பேசிக்காட்டுவது, நான் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பேன், தூங்கிவிட்டதாக நினைப்பார்கள். அதற்கு எந்த ஆபீஸில் ரசீது கொடுப்பார்கள்? மதுரை பஸ் ஸ்டாண்டில் நானே வண்டி மாறும்போது நாலு பேரைக் கேட்டுத்தான் மாறுவேன், இவள் ஒற்றையாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில், மழை வேறு பெய்தால். விடுதியில் காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வாள்? எதிரே ஒரு லாரிக்காரன் ஹை பீம் போட்டுக்கொண்டு வருகிறான், பட்டப்பகலில் எதற்கடா லைட்டு, ஒதுங்கினேன். கொஞ்ச நேரம் கைதான் ஓட்டியிருக்கிறது, நான் மதுரையில் இருந்திருக்கிறேன். இத்தனை பிள்ளைகள் பின்னால். மலைச்சாமி, ரோட்டைப் பார்.

போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், பார்த்தால் எதையாவது குறை சொல்லி முடித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு, அதையும் ஒளிப்பானேன். குறைக்குப் பஞ்சமில்லை. பெயின்ட் உதிர்ந்த சுவர், சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஃபேன், ஆய்வுக்கூடத்தில் என் தாத்தா வயசில் ஸ்டூல். எங்கள் காலேஜ் வாசலில் கோட்டு சூட்டுப் போட்ட பிள்ளை நின்று வணக்கம் சொல்லும், இங்கே வாட்ச்மேன் எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மரத்தடியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஏதோ ஒரு கணக்கை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், என்ன சத்தம், சந்தைக் கடை தோற்றுவிடும். பாத்தியா, ஒரு கட்டுப்பாடு இல்லை என்று சொல்லத் திரும்பினால் இவள் அந்தச் சண்டையை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாள், தீபாவளிக்கு ஜவுளிக்கடை ஜன்னலைப் பார்த்த மாதிரி. சந்தேகம் கேட்க பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்டுக்குள் போனோம். ஒரு டீச்சரம்மா, நரைத்த தலை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பிசிக்ஸு ஏம்மா எடுக்குற? எல்லாரும் பி.காம்.ல கேக்குறாங்க" என்றார். இவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்கிறாள், "எங்கப்பா பஸ் டிரைவருங்க மேடம். சின்னதுல வண்டியில போறப்ப வளைவுல திரும்புனா எல்லாரும் ஒரு பக்கமா சாஞ்சிருவோம். ஏன்னு அப்பவே கேட்டேன். ஸ்கூல்ல சொன்னாங்க, ஆனா பத்தல மேடம்." அந்தம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டு இவளை நன்றாகப் பார்த்தார். "என்ன பத்தல?" அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசியதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தம்மா ஒரு சாக்பீஸை எடுத்து மேஜை மேலேயே படம் போட்டார், இவள் அதை அழித்து வேறொன்று போட்டாள், எனக்கு உயிரே போய்விட்டது, டீச்சர் போட்டதை அழிக்கிறாளே என்று. அந்தம்மா சிரித்தார். இத்தனை வருஷமாக நான் அந்த வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஒரு பிள்ளை அதை வைத்துக்கொண்டு இப்படி யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் காலேஜில் பிசிக்ஸ் கிடையாது. சேர ஆள் இல்லை என்று எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் குணசீலன் சார், எல்லாம் ஒன்றுதான்யா, வேலை கிடைத்தால் சரி என்கிறார். எல்லாம் ஒன்றா? அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, சந்தோஷத்தில் பேசவில்லை. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, வீடு வந்ததும், "நீங்க சொல்றதுதான்ப்பா" என்றாள். இது என்ன நியாயம்? அடம்பிடித்திருந்தால் திட்டிவிட்டாவது முடிவு பண்ணியிருப்பேன்.

சிலுக்குவார்பட்டி ஸ்டாப் வருகிறது. வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே குணசீலன் சார் போன் போட்டுவிட்டார், "சிலுக்குவார்பட்டியில அந்த செகண்ட் இயர் பொண்ணு, ஜெனிட்டா, பஸ் ஃபீஸு பாக்கி. ஏத்தாத. போன வாரமே ஏத்தியிருக்க, என்னைய மேல கேக்குறாங்க" என்று. இதுதான் எங்கள் முறை. ஆபீஸில் யாரும் பிள்ளை மூஞ்சியைப் பார்த்துச் சொல்லமாட்டார்கள், டிரைவர்தான் சொல்லவேண்டும். நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், கதவைப் பாதி திறந்து, நீ நாளைக்கு வாம்மா என்று, குரலைத் தாழ்த்தி, பாட்டு ஓடும்போது சொன்னால் மற்றவர்களுக்குக் கேட்காது, அதற்காகவே பாட்டுப் போடுவேன். தூரத்திலேயே தெரிகிறது, ஆறேழு பிள்ளைகள், நடுவில் அவள், தேய்த்துப் போட்ட யூனிஃபார்ம். அப்பா கேரளாவில் கட்டட வேலை, மழைக்கு வேலை இல்லை போல. பிரேக்கைப் போட்டேன், கதவு திறந்தது, மற்றவர்கள் ஏறினார்கள். அவள் ஏற வரவில்லை. நான் எதுவும் சொல்லவே இல்லை. அவளாகவே இரண்டு எட்டு பின்னால் போய், செல்லை எடுத்துக் காதில் வைத்து, யாருக்கோ காத்திருக்கிற மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். யாரோடும் பேசவில்லை, உதடு சும்மா அசைகிறது. பழகிவிட்டது அந்தப் பிள்ளைக்கு. நாங்கள்தான் பழக்கிவிட்டோம். இப்போது என் பின்னால் அந்த இடது பக்க முதல் சீட்டில் ரோஷிணி உட்கார்ந்திருந்தால்? பாதி ஃபீஸில், ஓசி பஸ்ஸில், இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு? அவள் அப்பன் வீட்டில் வாய் கிழியப் பேசுகிறவன், இங்கே ஒரு பிள்ளையை ரோட்டில் விட்டுவிட்டுக் கியர் போடுகிறதை மூன்று வருஷத்துக்கு மாசாமாசம் பார்ப்பாள். நானும் ஒன்றும் சொல்லமுடியாது, பேப்பரில் கையெழுத்துப் போட்டவன். அவளும் கேட்கமாட்டாள். நீங்க சொல்றதுதான்ப்பா என்று சும்மா இருக்கப் பழகிவிடுவாள். இதை யாரும் கட்டணத்தில் சேர்த்துச் சொல்லவில்லையே. "அண்ணா, போலாம்ணா" என்கிறான் பின்னாலிருந்து ஒருத்தன். கை கதவு பட்டனில் இருக்கிறது, அமுக்க வரவில்லை. "ஜெனிட்டா" என்று கத்தினேன். அவள் செல்லைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள். "ஏறு." "இல்லண்ணா, சார் திட்டுவாருண்ணா." "என்னையத்தான திட்டுவாரு? எனக்கென்ன புதுசா? ஏறு தாயி." ஏறினாள். இடது பக்க முதல் சீட்டு காலியாகத்தான் இருந்தது, அதில் உட்கார்ந்தாள்.

நிலக்கோட்டையில் லெக்சரர்களுக்காக வண்டி நிற்கும். எஞ்சினை அணைத்ததும் என் மூச்சு எனக்கே கேட்டது. செல்லை எடுத்தேன், எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டால் சொன்னதுதான், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் பேச்செல்லாம் மதுரையாக இருக்கும், அடுத்த வாரம் வீட்டில் பேச்சே இருக்காது. இன்னும் ஒரு நிமிஷம் கழித்துப் போடலாமா, டீ குடித்துவிட்டுப் போடலாமா. தொட்டுவிட்டேன். மணி அடித்தது. எடுத்தாள். பின்னால் ஹாரன் சத்தம், யாரோ சில்லறை கேட்கிற சத்தம், காற்று இரைச்சல். "ரோஷிணி, எங்கம்மா இருக்க?" "அப்பா..." என்று இழுத்தாள். "மதுரை பஸ்ஸுலப்பா. வாடிப்பட்டி தாண்டிருச்சு." எனக்கு முதலில் விளங்கவே இல்லை. "நான் இன்னும் சொல்லவே இல்லையே?" "அம்மாதான்ப்பா. நீங்க வண்டிய எடுத்ததும் கிளம்புடின்னுட்டாங்க. அந்த மனுசன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அட்மிஷனே முடிஞ்சிரும்னாங்க. நீங்க வேணாம்னு சொன்னா அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி வந்துருவோம்ப்பா, நிஜமா." பக்கத்தில் பேச்சியின் குரல், "அதெல்லாம் இறங்கமாட்டோம்னு சொல்லு." எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது, ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டேன். விடியவிடியப் புரண்டு படுத்து, வழியெல்லாம் ரோட்டையும் பார்க்காமல் நான் தூக்கிச் சுமந்த முடிவை ஒருத்தி இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். "அப்பா? இறங்கட்டுமா?" "இறங்காதம்மா" என்றேன். "இறங்காத. போயிக் காலேஜுல சேரு. எனக்கு உன்னைய அனுப்ப மனசே இல்ல பாத்துக்க, ஆனாலும் போ. அந்தக் கண்ணாடி டீச்சரம்மாவ நான் விசாரிச்சேன்னு சொல்லு." "சரிப்பா" என்றாள், "வாராவாரம் வந்துருவேன்ப்பா." வருவாள். கொஞ்சநாள் வாராவாரம் வருவாள், அப்புறம் படிப்பு ஜாஸ்தி என்பாள், வரட்டும், எப்போது வந்தாலும் அந்த மரத்தடிச் சண்டையில் கொஞ்சத்தைக் கொண்டுவருவாள், எனக்குப் புரியாது, படுத்துக்கொண்டு கேட்பேன். லெக்சரர்கள் ஏறிவிட்டார்கள், "என்ன மலைச்சாமி, குளிச்சிட்டு துண்டெடுக்க மறந்துட்டீங்களா, மூஞ்செல்லாம் தண்ணி?" என்றார் காமர்ஸ் சார். வேர்வை சார் என்றேன்.

காலேஜ் வாசலில் குணசீலன் சார் இடுப்பில் கை வைத்து நிற்கிறார், எல்லா வண்டியையும் அவர் கண்ணில் சலித்துத்தான் உள்ளே விடுவார். கதவு திறந்து பிள்ளைகள் இறங்க, ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டு இறங்க, அவர் முகம் மாறியது. "மலைச்சாமி! இறங்குய்யா கீழ!" இறங்கினேன். அவ்வளவு பேர் முன்னால், "சொன்னா காதுல ஏறாதா உனக்கு? உங்கப்பன் வீட்டு வண்டியா இது? சம்பளத்துல பிடிச்சாத்தான் புத்தி வருமா?" என்று கத்து கத்தென்று கத்தினார். பிடித்துக்கொள்ளட்டும். வழக்கமாக இந்த இடத்தில் எனக்குக் காது சூடாகி, கால் பெருவிரல் செருப்புக்குள் மடங்கும், இன்றைக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. சுற்றிப் பார்த்தேன், பார்க்கிறவர்களில் என் வீட்டு ஆள் யாருமில்லை, இனி இருக்கப்போவதுமில்லை. பிள்ளைகள் கலைந்ததும், "வா, கன்செஷன் பேப்பர் ரெடியா இருக்கு, கையெழுத்தப் போட்டுட்டுப் போ" என்றார். "வேண்டாம் சார். பாப்பா மதுரைக்குப் போயிருச்சு. கவர்மென்ட் காலேஜுல பிசிக்ஸு." இன்னொரு கத்தல் வரும் என்று நின்றேன். குணசீலன் சார் ஆபீஸ் பக்கம் ஒருதரம் பார்த்தார், வாட்ச்மேன் பக்கம் ஒருதரம் பார்த்தார், என் தோளைப் பிடித்து வண்டிக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "எந்தக் காலேஜு?" சொன்னேன். கொஞ்ச நேரம் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார், காற்று குறைந்திருக்கிறதோ என்று நானும் பார்த்தேன். "எம் மகளும் அங்கதான்யா இருக்கா" என்றார், குரலே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "ரெண்டாம் வருசம், கெமிஸ்ட்ரி. எனக்கும் இதே பேப்பர நீட்டுனாங்க, நான் போடல. இங்க ஒருத்தனுக்கும் தெரியாது, வெளிய மூச்சு விட்றாத." விடமாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவர் போகத் திரும்பினார், நாலு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்தார். "உம் பிள்ளை பேரு என்ன? சாயங்காலம் எம் மககிட்டச் சொல்றேன், ரூமுல கூட வச்சுக்குவா. விடுதிச் சாப்பாடு சுமார்தான், ஊறுகா குடுத்துவிடு, நார்த்தங்காயா இருந்தா எம் பிள்ளைக்கும் சேத்து ரெண்டு பாட்டிலாக் குடுத்துவிடு."